முள்ளுக்காட்டுக்கு ஒரு ரம்பம்

எங்கள் நிலத்தில் கோழிக்குடலைக் கொட்டியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யூரியா சாக்குகளில் மூட்டை மூட்டையாகக் கொட்டியிருந்தார்கள். வெயிலில் மூட்டைகள் உப்பி வெடித்து, இறகும் தோலும் குடலும் ஒன்றாகிக் கறுத்த கஞ்சியாய் ஓடி, சீமைக்கருவேல மரங்களின் அடியில் தேங்கி நின்றது. அதில் பன்றிகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு பன்றியின் மூக்கின் மேல் புழு ஏறிப் போவதை நின்று பார்த்தேன்.

நான் திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். மலமும் சளியும் சீழும் இருபது வருஷமாக என் கையில் புழங்கும் பொருள்கள். அதற்கு அடுத்த அறையில் உட்கார்ந்துதான் மதியம் டிபன் பாக்ஸைத் திறப்பேன். ஒன்றும் ஆகாது. அன்றைக்கு வரப்பிலேயே வாந்தி எடுத்தேன்.

என் தம்பி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "இன்னாக்கா, டெய்லி ஒனக்கு இதே வேலதானே?"

"லேபுக்குக் கொண்டாரவங்க மூடி போட்டுக் கொண்டாருவாங்கடா" என்றேன்.

கார்வேட்டிநகரத்திலிருந்து புத்தூர் போகும் வழியில், கண்டக்டரிடம் சொல்லிவைத்து ஒரு வளைவில் இறங்கிக் கால்மணி நேரம் நடந்தால் அந்த நிலம் வரும். இரண்டரை ஏக்கர். நைனா இருந்தவரை வேர்க்கடலை போட்டார். அவர் போன பிறகு ஏழு வருஷம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் லேப், வீடு என்று இருந்தேன். தம்பி திருமலைக்கு வருகிறவர்களை வேனில் ஏற்றிக் காளஹஸ்தி, காணிப்பாக்கம் என்று சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். ஏழு வருஷத்தில் நிலம் முழுக்க முள்ளாகிவிட்டது. உள்ளே ஆள் நுழைய முடியாது. ஆள் நுழைய முடியாத இடம் ஊருக்கெல்லாம் குப்பைத்தொட்டிதானே. பக்கத்து நிலத்துக்காரர் போன் செய்து, நாற்றம் தாங்கவில்லை என்று திட்டிய பிறகுதான் நாங்கள் போய்ப் பார்த்தோம்.

கோடாலியோடு இரண்டு பேரை வைத்தோம். இரண்டாம் நாள் ஒருவருடைய செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் பாதத்தில் ஏறியது. மூன்றாம் நாள் இருவருமே வரவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

"மெஷினு ஒன்னு வாங்கிடலாம்கா" என்றான் தம்பி. "நானே ஓட்டறேன். நாயித்துக்கெழம நாயித்துக்கெழம வந்தா மூணு மாசத்துல க்ளீன் ஆயிடும்."

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக் கடைசி வரி வரை படிக்கிற ஜாதி நான். பத்து நாள் ரம்பங்களைப் பற்றியே பார்த்தேன், படித்தேன். பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும், சங்கிலிக்குத் தனி ஆயில் எங்கே ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படியானது. எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று தெரிந்துகொண்டேன். முன் கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும். வெட்டும்போது ரம்பம் துள்ளி முகத்தைப் பார்த்து வந்தால், கை அதில் பட்டதும் சங்கிலி சட்டென்று நிற்க வேண்டும். அது நிற்காவிட்டால் மனிதன் என்ன ஆவான் என்பதற்கும் படங்கள் இருந்தன.

முதலில் சித்தூருக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் மோட்டார், ஸ்பிரேயர் எல்லாம் விற்கிற பெரிய கடை. முதலாளி என் தம்பியைப் பார்த்து, "செப்பண்டி சார், ஏமி காவாலி?" என்றார்.

என்ன வேண்டும் என்று நான்தான் தெலுங்கில் சொன்னேன். எத்தனை ஏக்கர், என்ன மரம், அடிமரம் எவ்வளவு பருமன் என்று எல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பதிலைத் தம்பியிடம் சொன்னார். இருபத்திரண்டு அங்குலம், ஜெர்மன் மால், காடே அழிந்துவிடும் சார் என்றார். தம்பி என்னைப் பார்த்தான். நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். அதற்கும் பதில் தம்பிக்கே போனது. நான் ஏதோ தம்பியின் வயிற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி.

மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயர் ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பினேன். அடியில் வேறொரு பெயர் இருந்தது. அதன் அடியிலும் பசைத் தடம் இருந்தது.

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லு" என்றேன் தம்பியிடம். அந்த மனிதரோடு நேராகப் பேசுவதை அதற்குள் நிறுத்திவிட்டேன்.

கடை ஆள் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தார். கடை முழுக்க நீலப் புகை. நான் முன் தடுப்பைக் காட்டி, தள்ளச் சொன்னேன். தள்ளினார். டக் என்று சத்தம் வந்தது. சங்கிலி அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை தள்ளச் சொன்னேன். அப்போதும் சுற்றிக்கொண்டேயிருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. தடுப்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக்கை அழகுக்கு மாட்டியிருக்கிறார்கள்.

முதலாளி முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "அதி எவரூ வாடரு மேடம்" என்று சிரித்தார். அதை யாரும் உபயோகிப்பதில்லையாம். பாக்குக் கறை படிந்த பல்லோடு அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பஸ்ஸில் திருப்பதி வரும்வரை கண்ணில் நின்றது.

அடுத்த வாரம் திருப்பதியிலேயே ஒரு கடைக்குப் போனோம். கூட்டமான கடை. சுத்தமாகத்தான் இருந்தது. எங்களைப் பார்த்ததும் விற்பனையாள் ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு, "வாங்க, டெமோ காட்டறேன்" என்று தெலுங்கில் சொல்லியபடி தெருவுக்கு வந்தார். கட்டை ஏதாவது போட்டு வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

கடைக்கு எதிரில் ஒரு புங்கமரம் நின்றது. உயிரோடு, இலையும் நிழலுமாக நின்ற மரம். அடியில் ஒருவர் இளநீர் விற்றுக்கொண்டிருந்தார். விற்பனையாள் மெஷினை முடுக்கி, இடுப்பு உயரத்தில் அந்த மரத்துக்குள் நேராகச் செலுத்தினார். தூள் பறந்தது. ஒரு விரல் நீளம் உள்ளே போனதும் வெளியே இழுத்து, "பாத்தீங்களா? வெண்ண மாதிரி" என்றார்.

அப்போதுதான் அந்த மரத்தைச் சரியாகப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் சுற்றிலும் வெட்டுகள். பழைய வெட்டுகள் வாய் பிளந்து உதடு தடித்துப் போயிருந்தன. நடுவயசு வெட்டுகளில் பிசின் வழிந்து, ஈயும் எறும்பும் மொய்த்தன. சில வெட்டுகளில் யாரோ வெற்றிலை எச்சிலைத் துப்பியிருந்தார்கள். புதிய வெட்டு ஈரமாக இருந்தது. இளநீர்க்காரர், மெஷின் சத்தம் கேட்டதுமே, பழகிய கையோடு ஈரச்சாக்கை எடுத்துக் காய்களை மூடியிருந்தார்.

"டெய்லி இப்டித்தானா?" என்று அவரிடம் கேட்டேன்.

"நாலஞ்சு தடவ. சண்டே ஜாஸ்தி" என்றார். "இது பட்டுப்போச்சின்னா வேற மரம் பாப்பாங்க. இன்னா பண்றது."

நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு, கடைக்குள்ளிருந்து முதலாளி எழுந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். நெற்றி நிறையக் குங்குமம். அவர் தமிழுக்கு மாறினார். "தமிழா? எந்தப் பக்கம்?"

"இங்கதான். கார்வேட்டிநகரம்" என்றான் தம்பி.

அவர் அதை நம்பின மாதிரி தெரியவில்லை. தம்பியின் தோளில் கைபோட்டு, கடையின் பின்பக்கம் அழைத்துப் போனார். என்னை அழைக்கவில்லை. நான் நாலடி தள்ளி, சங்கிலிகள் தொங்குகிற இடத்தில் நின்றேன். நான் அவர் கணக்கில் இல்லாததால், குரலைத் தாழ்த்தியும் என் காதில் விழுகிற மாதிரியேதான் பேசினார்.

"இது பேட்டரி மெஷின். சத்தம் கிடையாது. காட்டுக்குள்ள பத்தடி தள்ளி நின்னாலும் கேக்காது. எந்த மரம்னு நான் கேக்கமாட்டேன். பில்லு வேணாம், பேரு வேணாம். ஒங்க ஆளுங்க நெறைய பேர் எடுத்துக்கினு போறாங்க."

செம்மரம். அந்த வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. சொல்லத் தேவையும் இல்லை. எங்கள் ஊரில் இரண்டு தமிழர்கள் ரம்பம் வாங்கப் போனால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். என் பாட்டன், முப்பாட்டன் பிறந்ததும் இந்த மண்ணில்தான். எங்கள் பட்டா தெலுங்கில்தான் இருக்கிறது. நான் படித்ததும் தெலுங்கு மீடியம். அதெல்லாம் அந்த ஆளுக்கு எதற்கு? மலைமேல் மரத்துக்கு அடியில் பிடிபடுகிறவனும் செத்துப்போகிறவனும் கூலிக்காரன். இந்த ஆள் குங்குமம் வைத்துக்கொண்டு, ஃபேனுக்கு அடியில், பில் இல்லாமல் விற்கிறார். அந்தக் கோழிக்குடல் பரவாயில்லை என்று தோன்றியது.

ஆனால் அதற்கு அடுத்து என் காதில் விழுந்தது என் தம்பியின் குரல்.

"சுத்தமா சத்தமே வராதா?"

"வராது."

"ஒரு சார்ஜுல எவ்ளோ வெட்டலாம்?"

நான் கடையை விட்டு வெளியே வந்துவிட்டேன். அவன் பின்னாலேயே ஓடிவந்தான். "இன்னாக்கா? ஏன் வந்துட்ட?"

"நீ ஏன்டா கேட்ட?"

"சும்மா கேட்டேன்கா."

வீட்டுக்குப் போகும்வரை பைக்கில் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தும், அவன் தோளைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் மெஷினை வாங்கியது புத்தூரில், ஒரு சின்னக் கடையில். கல்லாவில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் போல மரியாதை தெரியாத மனுஷியை நான் பார்த்ததில்லை. நாங்கள் போனபோது தட்டில் புளிசோறு தின்றுகொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. தம்பியைப் பார்த்து, "நுவ்வு ஆகு" என்றார். நீ சும்மா இரு என்று அர்த்தம். என்னைக் கேட்டார், "யார் ஓட்டப் போறது?"

"ரெண்டு பேரும்."

"அந்தப் பெருச எடுத்து நீட்டிப் புடி. நான் துன்னு முடிக்கிற வரைக்கும்."

இருபத்திரண்டு அங்குல மெஷினை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்தேன். அவர் அவசரப்படாமல் மென்றார். ஊறுகாயை நக்கினார். எலும்பில்லாத புளிசோற்றை ஒருவர் அவ்வளவு நேரம் தின்ன முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டு நிமிஷத்தில் மெஷினின் மூக்கு மண்ணைப் பார்த்துச் சாய்ந்தது.

"செத்த" என்றார் அந்த அம்மா. "ஒன் தொட போச்சி. சின்னத எடு."

பதினாறு அங்குலம். கருவேல மரத்துக்கு அது தாராளம் என்றார். தொடையைவிடப் பருமனான கருவேலம் எங்கே இருக்கிறது, பெரிசை விற்றால் தனக்கு லாபம், உனக்கு ஆஸ்பத்திரி என்றார். ஸ்டார்ட் செய்து, நான் கேட்காமலே முன் தடுப்பைத் தள்ளினார். சங்கிலி அந்த இடத்திலேயே உறைந்து நின்றது. கண்ணாடியும் கையுறையும் வாங்காவிட்டால் மெஷின் தரமாட்டேன் என்றார். நிலத்துப் பாஸ்புத்தக ஜெராக்ஸை வாங்கிப் பார்த்து, என் பெயரிலேயே பில் எழுதினார். புளிக்கை கழுவாமலே பில் எழுதியதில் என் பெயருக்கு மேல் மஞ்சள் ரேகை விழுந்திருந்தது. எனக்கு அது பரவாயில்லையாக இருந்தது.

நாலு ஞாயிற்றுக்கிழமை வெட்டினோம். அவன் வெட்டுவான், நான் நீளக் கொக்கியால் கிளைகளை இழுத்துப் போடுவேன். பிறகு நான் வெட்டுவேன். முள்காட்டுக்குள் போகப் போக ஊரே அங்கே இருந்தது. பிராந்தி பாட்டில், குழந்தைகளின் பேம்பர்ஸ், ஊசி, கிழிந்த மெத்தை, ஒரு கன்றுக்குட்டியின் எலும்புக்கூடு. ஒவ்வொன்றையும் கொக்கியால் தள்ளிவிட்டு அடுத்த மரத்துக்குப் போவோம். மரங்கள்மேல் எனக்கு இரக்கமே வரவில்லை. அந்தப் புங்கமரத்துக்காகக் கண்ணில் நீர் வந்தவள்தான் நான். இங்கே சங்கிலி உள்ளே போய் மரம் சாயும்போதெல்லாம் ஒழிந்தது சனியன் என்று சொன்னேன்.

நாலாவது ஞாயிறு, மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தம்பி கேட்டான். "அக்கா, ரெண்டு நாளு மெஷினு குடேன்."

"எதுக்கு?"

"என்கூட வண்டி ஓட்றான் பாரு, அவன் ஊட்ல மாமரம் ஒன்னு வெட்டணுமாம். செவுரு வெடிக்குதாம்."

"எந்த ஊட்ல? புத்தூர்லயா, கார்வேட்டிநகரத்துலயா?"

"ஊர்ல... இல்ல, மொதல்ல புத்தூர்ல வேற எதுவோ சொன்னான். ஊர்லதான்."

அவன் தடுமாறியது எனக்குப் போதுமானதாக இருந்தது. துணியைக் கீழே வைத்தேன். "மெஷினு வெளிய போவாது."

"ரெண்டு நாளுதான்கா."

"போவாதுன்னேன்."

அவன் என்னை உற்றுப் பார்த்தான். "நீ இன்னா, என்ன திருடன்னு நெனச்சிக்கினு கீறியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கோபமாக வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். "ஆமா" என்றேன்.

அவன் கையுறையைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, மெஷின் மேல் வைத்தான். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் பஸ்ஸுக்காகச் சாலையில் மெஷினோடு ஒரு மணி நேரம் நின்றேன். அடுத்த மூன்று வாரம் அவன் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. கிளை இழுக்க ஒரு அம்மாவைக் கூலிக்கு வைத்துக்கொண்டு நானே வெட்டினேன். அவன் வராததே எனக்குச் சாட்சியாகத் தெரிந்தது. உடம்பில் ஓடுவது ஒரே ரத்தம் என்று நினைத்தாலே அருவருப்பாக இருந்தது.

மூன்றாவது வாரம் கார்வேட்டிநகரத்தில் பஸ் பழுதாகி நின்றது. அடுத்த பஸ் வரும்வரை நடக்கலாம் என்று உள்தெரு வழியாகப் போனேன். தம்பியோடு வேன் ஓட்டும் அந்த நண்பன் வீடு அந்தத் தெருவில்தான். வீட்டுக் கிருகப்பிரவேசத்துக்குப் போயிருக்கிறேன். வாசலில் ஒரு மாமரம் நின்றது எனக்கு ஞாபகம் இருந்தது. இப்போது அது நிற்கவில்லை. துண்டு துண்டாகக் கிடந்தது. கோடாலியால் கொத்திக் கொத்தி வெட்டிய அடிக்கட்டை, நாய் கடித்த மாதிரி இருந்தது. பின்னால் சுவரில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு.

நண்பன் உள்ளிருந்து வந்தான். "வாங்கக்கா. ஒங்க மெஷினுதான் கேட்டேன். ரிப்பேரு ஆயிக்கீதுன்னு தம்பி சொன்னான். ஆளு வெச்சி வெட்டறதுக்குள்ள உயிரு போச்சி. இப்ப மெஷினு சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சி" என்றேன். என் கையில்தான் மெஷின் இருந்தது.

நிலத்துக்குப் போகவில்லை. திருப்பதி பஸ் ஏறினேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மெஷினை மடியில் வைத்துக்கொண்டேன். எங்களை மரத்திருடர்களாக நினைத்த அந்தத் திருப்பதிக் கடைக்காரனை எத்தனை பேரிடம் எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக நினைவு வந்தது. எச்சில் கசந்தது. இந்த முறை அருவருப்பு வேறு யார்மேலும் இல்லை, என்மேல்தான்.

தம்பி வீட்டில் அவன் மனைவி உப்புமா வைத்தாள். அவன் சவாரி முடித்து வரும்வரை காத்திருந்தேன். உள்ளே வந்தவன் என்னையும் மெஷினையும் பார்த்தான். கை கால் கழுவப் போனான்.

"மாமரத்தப் பாத்தேன்" என்றேன் அவன் முதுகைப் பார்த்து. "தப்பா பேசிட்டேன்டா."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "ரிப்பேருன்னு சொன்னேன். எங்கக்கா என்ன நம்பலன்னு வெளிய எப்டிச் சொல்றது?"

அவன் மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள். மன்னிப்பு கேட்ட கையோடு அதைக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. "அப்ப அந்தக் கடையில ஏன்டா அப்டிக் கேட்ட?"

துண்டைக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னான். "வேன் டியூவுக்கு ஓடறவன்தான்கா நானு. ஒத்தன் தோள்மேல கை போட்டு, ஈசின்னு சொன்னா, ஒரு நிமிசம் ஆச வராதா? வந்துது. கேட்டேன். நீ வெளிய போன, நானும் வந்துட்டேன். அவ்ளோதான்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் முழுக்க நம்பினேன். சும்மா கேட்டேன் என்று அவன் முதலில் சொன்னதைத்தான் நான் ஒருபோதும் நம்பியதில்லை.

"துன்னு, ஆறிப்போவுது" என்று என் தட்டைக் காட்டினான்.

அந்த ஞாயிறு ஆறு மணிக்கே வந்துவிட்டான். சங்கிலியை அரத்தால் ராவி, பல் பல்லாகக் கூர்மையாக்கி வைத்திருந்தான். மத்தியானத்துக்குள் நிலத்திலிருந்த பழைய கிணறுவரை வெட்டிவிட்டோம். திரும்பி வரும்போது பார்த்தால், முதல் வாரம் வெட்டிய அடிக்கட்டைகளில் எல்லாம் விரல் நீளத்துக்குப் பச்சையாகத் தளிர் விட்டிருந்தது. அதிலும் முள்.

"சனியன்" என்றேன்.

அவன் செருப்புக்காலால் ஒரு கட்டையை உதைத்துப் பார்த்தான். அசையவில்லை. "இதுக்கு மெஷினு ஆவாதுக்கா. வேரோட தோண்டணும். ஜேசிபிதான்."

"யாராவது தெரிஞ்சவங்க கீறாங்களா?"

"அந்த மாமரத்துக்காரன் மச்சான் ஓட்றான்" என்றான். "நீயே போன் பண்ணு."

அங்கேயே நின்று மாமரத்துக்காரனுக்குப் போன் செய்தேன்.